டிகிரி முடித்துவிட்டு மெடிசின் போகலாமா? கொழும்பிலிருந்து பார்க்கும்போது

உயர்தரப் பரீட்சையில் மெடிசின் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்ட பிள்ளைகளின் வீடுகளில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "பரவாயில்லை, முதலில் ஒரு டிகிரி முடிக்கட்டும், பிறகு வெளிநாட்டில் போய் டொக்டருக்குப் படிக்கலாம்" என்பதுதான் அது. நான் வெள்ளவத்தைப் பக்கம் பயோ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவன். பெறுபேறு வெளியாகிற கிழமையில் எனக்கு வருகிற போன்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான், அதிலும் அம்மாமார் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர், எந்த டிகிரி எடுத்தால் பிறகு மெடிசினுக்கு லேசு?"

அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. பட்டதாரிகளை எடுக்கிற மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை உங்கள் பட்டத்தின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை, வரலாறு படித்தவரையும் எடுக்கிறார்கள், எஞ்சினியரையும் எடுக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது புள்ளிகள், ஒரு நுழைவுப் பரீட்சை, பிறகு அந்த மூன்று நான்கு வருடங்களில் நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள், யாரோடு பழகினீர்கள், அதைப் பற்றி நேர்முகத்தில் உங்களால் என்ன சொல்ல முடிகிறது என்பவைதான். ஆகவே ஒப்பிட வேண்டியது கம்பஸில் கழிக்கப்போகிற வருடங்களை. அதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும், மெடிசின் கடைசிவரை கிடைக்காமலே போனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சீவிக்க முடியுமா என்று. இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

முதலில் உள்ளூர் நிலைமை. இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் மருத்துவபீடங்களுக்குள் போகிற வாசல் உயர்தரத்து இஸட் புள்ளி, அதாவது பாடங்களின் கடினத்தைச் சரிப்படுத்திக் கணக்கிடுகிற புள்ளி. பட்டம் முடித்தவருக்கென்று தனி வாசல் கிடையாது. கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் முதல் வகுப்பு எடுத்தாலும், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், கின்சி வீதியில் 1870 இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குள் அந்தப் பட்டத்தைக் காட்டி நுழைய முடியாது. இதைத் தெரியாமலே "பயோ சயன்ஸ் செய்துவிட்டு மாறலாம்தானே" என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நான் நினைத்ததை விட அதிகம். அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளைக்கு மாவட்டக் கோட்டாவால் பெரிய உதவி இல்லை என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த கதை.

மூன்று தரம் எழுதலாம். ஆகவே உண்மையான முதல் ஒப்பீடு தேர்ட் ஷைக்கும் (மூன்றாவது தரம் எழுதுவதற்கும்) டிகிரிக்கும் இடையில்தான். இரண்டாவது தரம் வெட்டுப்புள்ளிக்கு மிகக் கிட்ட வந்த பிள்ளை, பௌதிகவியலில் "பி" என்பது "ஏ" ஆக மாறினால் போதும் என்கிற நிலையில் இருப்பவர், இன்னொரு தரம் எழுதுவதில் பிழையே இல்லை, உலகத்தில் இதைவிட மலிவான மருத்துவப் படிப்பு கிடைக்காது, காசு கேட்காத எம்பிபிஎஸ் இது. தூரத்தில் நிற்கிறவர் மூன்றாவது தரம் எழுதுவது பெரும்பாலும் அப்பா அம்மாவுக்காகத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வேறொரு பாடநெறி தந்து அதில் பதிவும் செய்துவிட்டால், அடுத்த தரத்துப் பெறுபேற்றை வைத்து மறுபடி விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. "சும்மா பதிந்து வைப்போம், பிறகு பார்ப்போம்" என்று போகாமல் அந்த வருடத்து அனுமதிக் கையேட்டை வரிவரியாக வாசித்துவிட்டுப் பதியுங்கள். வயதும் ஒரு விஷயம். 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரமே 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, அந்தத் தாமதத்தோடு மூன்றாவது தரமும் எழுதி, டிகிரியும் முடித்து, அதற்கப்புறம் நான்கு வருடம் மெடிசின் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது ஒப்பீடு நேரடியாக வெளிநாட்டு எம்பிபிஎஸ். பங்களாதேஷ், சீனா, ரஷ்யா, நேபாளம் என்று கொழும்பிலிருந்து போகிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். காலி வீதியில் முகவர் அலுவலகப் பலகைகளை எண்ணிக்கொண்டு போனால் நேரம் போவதே தெரியாது. இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் லேசானது. இலங்கையில் டொக்டராக வேலை செய்வதுதான் ஒரே நோக்கம், வீட்டில் ஓரளவு காசும் இருக்கிறது என்றால், டிகிரி செய்துவிட்டு நுழைகிற வழியை விட இது நேரானது, பெரும்பாலும் மலிவானதும்கூட. போகிற பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொள்கிறதா, உங்கள் உயர்தரப் பெறுபேறு அவர்கள் கேட்கிற குறைந்தபட்ச மட்டத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் சபையிடமே கேளுங்கள், முகவரிடம் கேட்காதீர்கள். திரும்பி வந்த பிறகு இஆர்பிஎம் என்கிற பதிவுப் பரீட்சை ஒன்று இருக்கிறது, அது சித்தியடைந்தால்தான் இன்டர்ன்ஷிப். டிகிரி முடித்து வெளிநாட்டில் மெடிசின் செய்கிறவர் திரும்பி வந்தாலும் இந்தப் பதிவு விதிகள் அவருக்கும் பொருந்தும், அவுஸ்திரேலியாவில் படித்தேன் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. ஆகவே உயர்தரத்தில் ஒரு பாடம் கோட்டைவிட்டவர், "டிகிரி இருக்குத்தானே, அதை யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நினைக்க வேண்டாம், பார்ப்பார்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்த பிறகும் பட்டதாரி வழிதான் என்று முடிவெடுத்தவருக்கு எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன?

அமெரிக்கா என்றால் முதலிலேயே ஒரு குளிர்ந்த தண்ணீர். அங்கே ஏறக்குறைய எல்லாருமே பட்டம் முடித்த பிறகுதான் மெடிசினுக்குப் போகிறார்கள், அதனால் நமக்கும் வழி இருக்கும் என்று தோன்றும். நடைமுறையில், கொழும்பில் எடுத்த பிஎஸ்சியை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே எம்டிக்கு (நம்முடைய எம்பிபிஎஸ் போன்ற மருத்துவப் பட்டத்துக்கு) விண்ணப்பிப்பது ஏறக்குறைய வீண்வேலை. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்க அல்லது கனடியப் பல்கலைக்கழகத்தில் படித்த பாடங்களைத்தான் கேட்கின்றன, வெளிநாட்டுப் பிரஜைகளை எடுக்கிறவையோ சிலதுதான், அவற்றிலும் சில நான்கு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கின்றன. அமெரிக்காதான் வேண்டும் என்றால் பட்டப்படிப்பையே அங்கே செய்ய வேண்டும்.

அவுஸ்திரேலியா வேறு மாதிரி. மெல்பேர்ன் பல்கலைக்கழகம் 2011 இலிருந்து பட்டதாரிகளுக்கான எம்டி நடத்துகிறது, சிட்னி, குயின்ஸ்லாந்து முதலியவையும் நான்கு வருட எம்டிதான். நம்முடைய பட்டம் அவர்களுடைய இளமாணிப் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்றுக்கொண்டால் போதும், கேம்சாட் அல்லது எம்கேட் என்கிற நுழைவுப் பரீட்சையை எழுதி விண்ணப்பிக்கலாம். பிரச்சினை காசு. வெளிநாட்டு மாணவருக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 3 லட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் போகும், நம்முடைய காசில் ஏறக்குறைய 6 கோடி ரூபாய், அதுவும் சாப்பாடு வாடகை இல்லாமல். 2022 இல் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். பாதிப் படிப்பில் அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் காணியை ஈடு வைக்காதீர்கள். அயர்லாந்திலும் பிரித்தானியாவிலும் நான்கு வருடப் பட்டதாரிப் பாடநெறிகள் இருக்கின்றன, கட்டண விஷயத்தில் அவையும் இரக்கம் காட்டுவதில்லை.

நம் ஆட்கள் அதிகம் கவனிக்காத ஒன்று சிங்கப்பூரின் டியூக் என்யூஎஸ். 2007 இல் முதல் தொகுதியை எடுத்தார்கள், முழுக்க முழுக்கப் பட்டதாரிகளுக்கான கல்லூரி, மூன்றாம் வருடத்தில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அரச கட்டண மானியம் கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் முடித்த பிறகு சில வருடங்கள் சிங்கப்பூரிலேயே வேலை செய்வதாக ஒப்பந்தம் போட வேண்டும். போட்டி மிகக் கடுமை. ஆனாலும் கொழும்பில் இருந்துகொண்டு ஆராய்ச்சியில் உண்மையாகவே கை நனைத்த ஒரு பிள்ளைக்கு, நான் முதலில் விண்ணப்பிக்கச் சொல்கிற இடம் இதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம், கொழும்பில் அந்தப் பட்டத்தை எங்கே, எதில் செய்வது.

அரச பல்கலைக்கழக பயோ சயன்ஸ்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. கட்டணம் இல்லை, விரிவுரையாளர்கள் நல்லவர்கள், ஆங்கிலத்தில் படிப்பு. மூன்று வருடப் பொதுப் பட்டம், நான்கு வருட விசேட பட்டம் என்று இரண்டு இருக்கின்றன, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியை நினைத்திருப்பவர் நான்கு வருடத்தையே பிடியுங்கள், அது சமப்படுத்தலில் தலைவலியைக் குறைக்கும், கடைசி வருடத்து ஆராய்ச்சித் திட்டமும் கையில் இருக்கும். குறை என்னவென்றால், நான்கு வருடமும் ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் முடித்துவிடலாம். தாவரவியல், விலங்கியல், மூலக்கூற்று உயிரியல், ஆய்வுகூடம், கன்டீன், பஸ். இன்னொன்று, ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி. முதல் வகுப்புக்கு வழக்கமாக 3.70 வேண்டும். ரியூஷனில் பாடமாக்கியே வந்த பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறுவது சாதாரணம், ஆனால் அந்த முதல் செமஸ்டரும் சராசரிக்குள் வந்துவிடும், பிறகு அதை மேலே இழுக்க மூன்று வருடம் மாரடிக்க வேண்டும். ராகிங், வேலைநிறுத்தம், பீடம் மூடுவது என்று நாட்கள் இழுபடுவதையும் கணக்கில் சேருங்கள், நான்கு வருடம் ஐந்தாகிறது.

இதற்கு நேர் எதிரில் நிற்பது துணை மருத்துவப் பட்டங்கள், அதாவது பிசியோதெரபி, நேர்சிங், மருந்தாளர், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், கதிர்ப்படவியல். கொழும்பு மருத்துவபீடத்திலேயே பிசியோதெரபி இருக்கிறது, ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம் எல்லாவற்றிலும் துணை மருத்துவபீடங்கள் இருக்கின்றன, றாகமையில் பேச்சும் கேட்டலும் சம்பந்தமான பட்டம் இருக்கிறது. நம் வீடுகளில் இவற்றைச் சொன்னாலே முகம் சுருங்கும். "டொக்டராக வேண்டியவள் நேர்ஸாகவா?" என்று ஒரு தந்தை என்னிடமே கேட்டார், மகள் பக்கத்தில் நிற்கும்போதே. அந்தத் தந்தைக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இந்தப் பட்டங்களில் வார்ட்டுக்குள் போவது பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. பிசியோ படிக்கிற பிள்ளை, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செத்துப்போன மனிதரைக் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார வைக்கப் பழகுகிறாள். அவர் முதல் நாள் சரிந்து அவளுடைய தோளில் விழுகிறார், நாலாம் நாள் தானாக அரை நிமிடம் உட்காருகிறார், அடுத்த கிழமை கோபத்தில் கத்துகிறார், ஏனென்றால் விரல் அசையவில்லை. இதையெல்லாம் பார்த்த பிறகும் மெடிசின் வேண்டும் என்று சொல்கிற பிள்ளைக்கு அந்த ஆசையின் எடை தெரியும். பார்த்த பிறகு வேண்டாம் என்று சொன்னாலும் நல்லதுதான், ஆறு கோடி மிச்சம்.

அதைவிட, இந்தப் பட்டங்களில் முடித்தவருக்கு ஒரு தொழில் கையில் இருக்கிறது, மருத்துவ சபையில் பதிவு பெறுகிற தொழில்களும் இதில் உண்டு. உள்நாட்டில் அரச நியமனத்துக்குக் காத்திருக்க வேண்டி வரலாம், ஆனால் வெளியில் நேர்ஸுக்கும் பிசியோவுக்கும் இருக்கிற கிராக்கி எல்லாருக்கும் தெரியும். தமிழில் பேச்சுச் சிகிச்சை கொடுக்கக்கூடியவர்கள் இந்த நாட்டில் எவ்வளவு குறைவு என்பதை, பேச்சு தாமதமான பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஒரு தமிழ்த் தாயிடம் கேட்டால் சொல்வார். பாதகம் என்று பார்த்தால், படிப்புச் சுமை அதிகம், ஜிபிஏயை உயர்த்திப் பிடிப்பது கஷ்டம், கேம்சாட்டுக்கும் எம்கேட்டுக்கும் தேவையான சேதன இரசாயனமும் பௌதிகமும் பாடத்திட்டத்தில் மெல்லியதாகத்தான் வரும், அதைத் தனியாகப் படிக்க வேண்டும். அதற்கு நான் இருக்கிறேனே என்று சொல்வதாக நினைக்காதீர்கள், நல்ல புத்தகம் ஒன்றும் பொறுமையும் போதும்.

மூன்றாவது, தனியார் நிறுவனங்களில் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து நடக்கிற உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டம். லண்டன் ஏ லெவல் செய்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். மூன்று வருடம் என்றால் மூன்று வருடம்தான், திகதி தவறாது, பட்டம் பிரித்தானியாவுடையது என்பதால் வெளிநாட்டில் சமப்படுத்துவதும் சுலபம். செலவு பல பத்து லட்சங்களில் போகும். விளம்பரப் படத்தில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், இந்தப் பட்டத்தில் ஸ்டெதஸ்கோப்புக்கு வேலையே இல்லை. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானமும் உயிர்மருத்துவ விஞ்ஞானமும் ஒன்று என்று நினைத்துச் சேர்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பதிவு பெற்று வேலை செய்வதுதான் நோக்கம் என்றால் சேர முன்பே மருத்துவ சபையிடம் விசாரியுங்கள். என் கணிப்பில், மெடிசின் கிடைக்காவிட்டால் கைவிடப்பட்டது போல உணர வைக்கிற பட்டம் இந்த மூன்றிலும் இதுதான், ஏனென்றால் இதற்குப் பிறகு ஒரு மாஸ்டர்ஸ் இல்லாமல் நல்ல வேலை கிடைப்பது கடினம். மறுபக்கத்தில், ஆராய்ச்சியே பிடித்துப்போய் அந்தப் பக்கமே போய்விட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. (கெமிஸ்ட்ரி பிடித்த பிள்ளை என்றால் ராஜகிரியவில் இருக்கிற இலங்கை இரசாயன நிறுவகத்தின் பட்டத்தையும் ஒருக்கால் பாருங்கள். இது என் பக்கச்சார்பு.)

நான்காவது, பட்டப்படிப்பையே அமெரிக்காவில் செய்வது. ப்ரீமெட் என்பது ஒரு பட்டம் என்று நினைக்கிறார்கள், இல்லை, அது உயிரியல், பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம், உயிர் இரசாயனம் என்று எடுத்து முடிக்க வேண்டிய பாடங்களின் தொகுதி, மேஜர் எதுவாகவும் இருக்கலாம். அங்கே கல்லூரி வாழ்க்கையே விண்ணப்பத்துக்கான தயாரிப்பாகத்தான் ஓடுகிறது: ஆஸ்பத்திரியில் தொண்டு, டொக்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பது, ஆராய்ச்சி, பேராசிரியர் கடிதங்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அதிகபட்சம் 15 அனுபவங்களை எழுதலாம், அதில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறித்து விரிவாக எழுதலாம். முழு உதவித்தொகையோடு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெடிசினுக்காக மட்டும் இந்த வழியை எடுக்காதீர்கள், அமெரிக்கப் பிள்ளைகளிலேயே விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது, வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு நிற்கிறவருக்கு அதைவிட எவ்வளவோ குறுகிய வழி.

எந்தப் பட்டமானாலும் அதற்குள் செய்ய வேண்டியவற்றில் சில உண்மையிலேயே எடை உள்ளவை, சில வெறும் பூச்சு. நான் பிள்ளைகளின் விண்ணப்பக் கட்டுரைகளை வாசித்துக் கொடுக்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை, பாட்டியின் மரணம், மனிதகுலத்துக்கு உதவ ஆசை. ஒருநாள் ஒரு தங்கச்சி எழுதியதை வாசித்தேன். அவள் விடுமுறையில் தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்கு அத்தையோடு போயிருக்கிறாள். பக்கத்து வாங்கில் மலையகத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு அம்மா, மடியில் நாலாக மடித்த கிளினிக் கொப்பி. டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார், அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். தங்கச்சிக்கு இரண்டு மொழியும் தெரியும், எழும்பிப் போய் மொழிபெயர்த்திருக்கிறாள். அப்போதுதான் தெரிந்ததாம், காலையில் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சீனி வருத்தக் குளிசையை அந்த அம்மா இரவில், சாப்பிடாமல், இரண்டாகப் போட்டுக்கொண்டு இருந்தார் என்று. கடதாசி உறையில் எழுதியிருந்ததை அவருக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கவும் வெட்கம். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாராம். அந்தக் கட்டுரையில் சேவை என்ற சொல்லே இல்லை. அவள் அதற்குப் பிறகு கம்பஸில் சிங்களமும் தமிழும் தெரிந்த நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, அனுமதி வாங்கி, அதையே ஒழுங்காகச் செய்தாள்.

கொழும்பில் இருக்கிற தமிழ் மாணவருக்கு வேறு எந்த ஊரிலும் கிடைக்காத அனுபவம் இதுதான். மூன்று மொழி நோயாளிகளும் ஒரே கிளினிக்கில் வந்து உட்காருகிற நகரம் இது. சிங்களம் சரளமாகப் பேச வராதவர்கள் அந்த நான்கு வருடத்தில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், திரும்பி வந்து இங்கே வேலை செய்கிறபோது எந்தப் பாடத்தை விடவும் அது உதவும். இன்னும் இடங்கள் இருக்கின்றன. சுமித்ரயோ என்கிற அமைப்பில் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனமுடைந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்க வைக்கிறார்கள், புத்தி சொல்லாமல் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே போனால் தெரியும். சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம், நாரஹேன்பிட்ட தேசிய இரத்த நிலையத்தின் முகாம்கள், இவையும் உண்டு. ஒன்றை எடுத்து இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து செய்யுங்கள். பத்துச் சங்கத்தில் செயலாளர், உபசெயலாளர், பொருளாளர் என்று சான்றிதழ் சேர்ப்பது நம் ஊர்ப் பழக்கம், பள்ளிக்கூடத்திலிருந்தே வருகிற வியாதி, அதை நேர்முகத்தில் ஐந்து நிமிடத்தில் உரித்துவிடுவார்கள். இப்போது பல இடங்களில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிறுநேர்முக முறைதான். அறை அறையாகப் போய் ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒரு சூழ்நிலைக்கு முகம் கொடுக்க வேண்டும், மனப்பாடம் அங்கே செல்லாது.

பரீட்சை விஷயத்தில் நம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் விஞ்ஞானம் அல்ல. எம்கேட் 472 இலிருந்து 528 வரை புள்ளி போடுகிற, இடைவேளையும் சேர்த்து ஏழரை மணித்தியாலப் பரீட்சை. அதில் வாசித்து விளங்கிப் பகுத்தறியும் பகுதியில் 90 நிமிடத்தில் 53 கேள்விகள், பந்திகள் தத்துவம், கலை, சமூகம் என்று எங்கிருந்தோ வரும். கேம்சாட்டிலும் மூன்றில் இரண்டு பகுதி வாசிப்பும் எழுத்தும்தான். தமிழ் மீடியத்தில் உயர்தரம் செய்தவர், பாடப்புத்தகத்தைத் தவிர ஆங்கிலத்தில் ஒன்றும் வாசிக்காதவர், மூன்று மாத க்ளாஸில் இதைப் பிடிக்க முடியாது. முதல் வருடத்திலிருந்தே தினமும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை வாசியுங்கள். பொது நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது.

கடிதம் பற்றி. பரிந்துரைக் கடிதம் எழுதித் தரக்கூடிய இரண்டு பேராவது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் விரிவுரையாளரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போகிற ரகம், மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். நூறு பேர் இருக்கிற வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து முதல் வகுப்பு எடுத்தவருக்கு, "இவர் என் மாணவர், நல்ல பெறுபேறு" என்று இரண்டு வரிக் கடிதம்தான் வரும். ஆய்வுகூடத்தில் ஜெல் சோதனை மூன்று தரம் பிழையாகிப் போனபோதும் அடுத்த நாள் காலையில் வந்து நின்றவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார்கள். இந்த விஷயத்தில் சின்ன துறைகள், சின்ன வகுப்புகள் நல்லது. பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரை விட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே என்னிடம் கேட்டால், காசு அதிகம் இல்லாத, இஸட் புள்ளியில் துணை மருத்துவப் பட்டம் கிடைக்கிற பிள்ளை அதைத்தான் எடுக்க வேண்டும், பயோ சயன்ஸை விட, தனியாரை விட. மெடிசின் பிறகு வந்தாலும் வராவிட்டாலும் அவர் நோயாளிகளோடுதான் இருப்பார், ஆசை உண்மையானால் அது போதுமான ஆறுதல். ஆராய்ச்சியில் பைத்தியமான பிள்ளைக்கு பயோ சயன்ஸ் விசேட பட்டம், கண்ணை சிங்கப்பூர் மேல் வைத்துக்கொண்டு. வீட்டில் கோடிகள் இருந்து, வேண்டியது டொக்டர் என்ற பெயர்தான் என்றால் டிகிரியில் நான்கு வருடம் செலவழிக்காமல் அங்கீகாரம் உள்ள எம்பிபிஎஸுக்கு இப்போதே போகலாம். லண்டன் ஏ லெவல் செய்து தனியார் பட்டத்தில் சேரப் போகிறவர், சேர முன்பே அந்த நிறுவனத்திடம் ஒன்று கேளுங்கள்: இங்கே முடித்தவர்களில் மெடிசினுக்குப் போனவர்கள் யார், எங்கே போனார்கள், அவர்களோடு பேசலாமா? பெயர் சொல்லத் தயங்கினால் பணத்தைக் கட்டாமல் எழும்பி வாருங்கள்.

ஏற்கெனவே இரண்டாம் வருட பயோ சயன்ஸில் உட்கார்ந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள் இருப்பீர்கள். மாறத் தேவையில்லை. விசேட பட்டத்துக்கான தெரிவு எப்போது என்று பாருங்கள், அதற்கு எந்தப் பாடங்களின் புள்ளி எடுக்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் நேரில் போய்க் கேளுங்கள், அந்தச் சந்திப்பே கடிதத்துக்கான முதல் படி. இந்த விடுமுறையில் ஒரு ஆஸ்பத்திரித் தொண்டில் சேருங்கள். கேம்சாட் வருடத்துக்கு இரண்டு தரம் நடக்கிறது, பெறுபேறு நான்கு வருடம் செல்லுபடியாகும், ஆகவே கடைசி வருடம் வரை காத்திருக்காமல் மூன்றாம் வருடத்தில் ஒரு தரம் எழுதிப் பார்க்கலாம். எந்த நகரத்தில் எழுத வேண்டி வரும், விமான டிக்கெட்டும் சேர்த்து என்ன செலவு என்பதைப் பதிவுக் காசு கட்ட முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.